குந்துகால் போரைச் சொல்லும் முறை

போர் வரலாற்றைத் தமிழில் பாட்காஸ்டாகச் சொல்லும் இளைஞர்கள் பெருகி வருவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளிக்கிறது. வருமானம் எதையும் எதிர்பாராமல், வேலை முடிந்த இரவு நேரங்களில் கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டி அவர்கள் செய்யும் பணி இது. ஆனால் சான்றுகளைப் பற்றிப் பேசினால் கேட்பவர் பாதியிலேயே நிறுத்திவிடுவார் என்றும், ஐயங்களை மறைத்துக் கதையை விறுவிறுப்பாக நகர்த்த வேண்டும் என்றும் அவர்களிற் பலர் நம்புகிறார்கள். எங்கள் இராமநாதபுரம் கடற்கரையில் நடந்த போர் ஒன்றை வைத்தே இதை மறுக்க விரும்புகிறேன்.

12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டிய அரியணைக்காகப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் மோதியபோது, முன்னவனுக்கு உதவியாக இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகு, இலங்காபுரன் என்ற தளபதியின் தலைமையில் படை அனுப்பினான். அந்தப் படை இராமேசுவரத்தைக் கைப்பற்றி, பாம்பனுக்கு அருகிலுள்ள குந்துகாலில் அரண் அமைத்தது. இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சத்தைப் படித்தால் இலங்காபுரன் வெற்றிமேல் வெற்றி பெறுகிறான். சோழ மன்னன் இரண்டாம் இராஜாதிராஜன் காலத்துப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டோ, குலசேகரனுக்குத் துணைநின்ற சோழர் படை வென்று இலங்காபுரனின் தலையை மதுரைக் கோட்டை வாயிலில் ஆணியடித்து வைத்ததாகக் கூறுகிறது. காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டு, இப்படையெடுப்பு நீங்குவதற்காக உமாபதிதேவர் 28 நாட்கள் பூசை செய்ததைச் சொல்கிறது. அச்சம் அவ்வளவு தொலைவு பரவியிருக்கிறது. இரண்டு சாட்சிகள் நேர்மாறாகப் பேசும் இந்த வழக்கைவிடக் கேட்பவரைக் கட்டிப்போடக்கூடியது வேறு என்ன இருக்கிறது? அப்படியிருந்தும் நான் கேட்ட நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஒரு தரப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுதரப்பு இருப்பதையே சொல்லாமல் விடுகின்றன. அவற்றுள் ஒன்றில் பின்னணியாகப் பீரங்கி முழக்கம் வேறு கேட்டது. அந்தப் போரில் பீரங்கி கிடையாது. ஒலியும் ஒரு கூற்றுதான் என்பதை ஒலிப்பதிவு செய்பவர்கள் உணர வேண்டும்.

பாம்பனில் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நடுவே, ஒருவருடைய கைப்பேசியில் இதே போரைப் பற்றிய நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. கச்சான் காற்று தள்ளிவிட, மன்னார்க் கரையிலிருந்து கப்பல்கள் விரைந்து வந்தன என்று குரல் உருக்கமாகச் சொன்னதும், மூத்தவர் ஒருவர் கையிலிருந்த ஊசியை நிறுத்திவிட்டு, "கச்சான்ல அங்கிட்டிருந்து வந்தா எதிர்க்காத்துல்ல, பாய்ல எப்புடிப்பா வந்தான்?" என்று கேட்டார். கச்சான் மேற்கிலிருந்து வீசும் காற்று; இலங்கையின் மன்னாரோ எங்களுக்குக் கிழக்கே இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தக் குரல் சொன்ன எதையும் அங்கிருந்தவர்கள் நம்பவில்லை. கேட்பவர்களுக்குத் தெரிந்த ஒன்றில் பிசகிவிட்டால், தெரியாத ஒன்பதிலும் நம்பிக்கை போய்விடுகிறது.

எண்களிலும் இதே அவசரத்தைக் காண்கிறேன். 1025இல் நடந்த கடாரப் படையெடுப்பில் முதலாம் இராஜேந்திரன் கடலில் பல கலங்களைச் செலுத்தினான் என்றுதான் அவனுடைய கல்வெட்டுப் புகழுரையான மெய்க்கீர்த்தி சொல்கிறது. ஆனால் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி கப்பல்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையைத் தாக்கியபோது விடுதலைப் போராளி செண்பகராமன் அதில் இருந்தார் என்று சொல்வதும் அப்படித்தான். அந்த ஆண்டில் அவர் சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் இருந்தவர். கேப்டன் முல்லரின் கப்பல் பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகளுக்குத் தீ வைத்துவிட்டு இருளில் மறைந்த உண்மைக் கதைக்கு இந்தச் சேர்க்கை தேவையே இல்லை.

சொல்லும் முறையில் நான் முதலில் எதிர்பார்ப்பது திசையைத்தான். செவிக்கு வரைபடம் கிடையாது. பத்துத் தளபதிகளின் பெயர்களை ஒரே மூச்சில் வாசிப்பதைவிட, தலைமன்னாரிலிருந்து மேற்கே வந்தால் தனுஷ்கோடி, அங்கிருந்து இராமேசுவரம் தீவின் தென்கரையை ஒட்டி மேற்கே போனால் 1897இல் விவேகானந்தர் வந்திறங்கிய குந்துகால் என்று நிதானமாகச் சொன்னால், கோயம்புத்தூரில் பேருந்தில் இருப்பவருக்கும் இடம் பிடிபடும். எழுதி வைத்ததைப் படிப்பதில் தவறில்லை; வாய்க்கு வராத நீண்ட தொடர்களை எழுதி, மூச்சு வாங்கிப் படிப்பதுதான் தவறு.

குந்துகால் போரை இரு தரப்புச் சாட்சியத்தோடும் சொல்ல யாரேனும் முன்வந்தால், ஒலிப்பதிவுக்கு முன் எழுதியதை எடுத்துக்கொண்டு பாம்பனுக்கு வாருங்கள். காற்றையும் நீரோட்டத்தையும் பற்றிய பகுதிகளை வாசித்துக் காட்டினால், பிழை இருக்கும் இடத்தில் உடனே நிறுத்திச் சொல்ல இங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.