முதலில் கேட்டதே சரியென்னும் காது

சென்ற மாதம் ஒரு கச்சேரியில், இருபது ஆண்டுகளாக ஒரே ஒலிப்பதிவில் கேட்டுப் பழகிய தந்திவாத்திய நால்வர் படைப்பு ஒன்றை முதன்முறையாக நேரில் கேட்டேன். மெதுவான பகுதியின் நடுவே நால்வரும் வில்லை எடுத்துவிட்டு நின்ற இடைவெளி மிக நீண்டதாகப் பட்டது; யாரோ தடுமாறிவிட்டார்கள் என்றே உள்ளுக்குள் பதறினேன். வீடு திரும்பியதும் இசைக்குறிப்பைத் திறந்து பார்த்தால், அந்த மௌனத்தின் மேல் அதை நீட்டச் சொல்லும் குறி தெளிவாக அச்சாகியிருக்கிறது. வாசித்தவர்கள் எழுதியபடியே வாசித்திருக்கிறார்கள். அவசரப்பட்டது நான் பழகிய ஒலிப்பதிவுதான். இசையமைப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு, அதுவும் தன் படைப்புகளில் இத்தகைய நிறுத்தங்களை எண்ணி எண்ணி வைக்கிறவனுக்கு, இது சிறிய வெட்கம் அல்ல.

முதலில் கேட்டதையே அசல் என்று காது எடுத்துக்கொண்டு, பின்னால் வருவதையெல்லாம் அதன் பிழைகளாக எண்ணுகிறது. இந்தப் பழக்கத்திற்கு நான் கண்ட மருந்து, ஒரே கலைஞர் ஒரே படைப்பை இருமுறை பதிவு செய்திருந்தால் இரண்டையும் மாறி மாறிக் கேட்பது. பாக் 1741-இல் வெளியிட்ட கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் என்ற படைப்பைப் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1955-இல் பதிவு செய்தபோது சுமார் 38 நிமிடத்தில் முடித்தார். 1981-இல் அவரே மீண்டும் வாசித்தபோது 51 நிமிடம் ஆயிற்று. இரண்டாம் பதிவில் சில பகுதிகளைத் திரும்பவும் வாசித்தார் என்பது பாதிக் காரணம்தான். ‘ஏரியா’ எனப்படும் தொடக்க மெட்டை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்: முன்னதில் இரண்டு நிமிடத்திற்கும் குறைவு, பின்னதில் மூன்று நிமிடத்திற்கும் மேல், ஸ்வரங்கள் அவையேதான். முதற்பதிவை மனப்பாடமாக வைத்திருந்த எனக்கு இரண்டாவது, நோயில் எழுந்தவரின் நடைபோல் இருந்தது. ஓரிரு ஆண்டுகளில் முதலாவது மூச்சிரைப்பதுபோல் கேட்கத் தொடங்கியது. எது சரி என்று இன்று கேட்டால் எனக்கு விடை இல்லை, அப்படி இல்லாமற்போனதைத்தான் ஆதாயம் என்கிறேன். 1964-இல் மேடையையே விட்டு விலகி ஒலிப்பதிவுக் கூடத்தை முழுவதுமாக நம்பிய மனிதரே தன் பதிவைக் கடைசித் தீர்ப்பாகக் கொள்ளவில்லை. கேட்கிற நாம் மட்டும் ஏன் கொள்ள வேண்டும்?

ஒலிப்பதிவு ஒருபோதும் வெறும் கண்ணாடியாக இருந்ததில்லை. மின் ஒலிவாங்கி வருவதற்கு முன், புனல் வழியாகப் பதிவு செய்த காலத்தில், டபுள் பாஸ் என்ற பெரிய தந்திவாத்தியத்தின் ஒலி சரியாகப் பதியாது என்பதால் அந்த இடத்தில் டியூபா என்ற ஊதுகருவியை ஊதவைத்தார்கள். ஸ்ட்ராவின்ஸ்கி 1925-இல் எழுதிய ஒரு பியானோ படைப்பின் நான்கு பகுதிகளையும், ஒவ்வொன்றும் இசைத்தட்டின் ஒரு பக்கத்திற்குள் அடங்கும்படி அளந்தே எழுதினார். தட்டுக்குத் தக்கபடி இசை வெட்டப்பட்டதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் படைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

அதற்காக நேரில் கேட்பதே உயர்ந்தது என்று சொல்பவர்களின் கட்சியிலும் நான் இல்லை. நான் போன கச்சேரிகளில் பாதிக்கு மேல் சுமாரானவை. ஆனால் சுமாரான கச்சேரியில்கூட, அடுத்த நொடி என்னவாகும் என்று வாசிப்பவருக்கே உறுதியாகத் தெரியாத ஒரு நிலை இருக்கிறது. பத்தாவது முறை கேட்கும் ஒலிப்பதிவில் அது எனக்கு மட்டும் அல்ல, யாருக்குமே இல்லை.

முதலில் கேட்டதிலேயே காது சிக்கிக்கொள்ளும் இந்த நோய் முற்றிய வடிவில் தென்படுவது திரைப்படத்தில். படத்தொகுப்பின்போது, புதிய இசை தயாராகும்வரை, ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஓர் இசையைக் காட்சிகளுக்கு அடியில் தற்காலிகமாகப் போட்டுவைப்பார்கள். டெம்ப் ட்ராக் என்பார்கள். மாதக்கணக்கில் அதோடு காட்சியைப் பார்த்த இயக்குநர், பிறகு நாம் எதை எழுதிக்கொண்டு போனாலும், "நன்றாக இருக்கிறது, ஆனால் ஏதோ குறைகிறது" என்பார். குறைவது அந்தப் பழைய இசைதான் என்று அவருக்கும் தெரியாது, நமக்குச் சொல்லவும் வாய் வராது. ஒரு படத்தில் ஒரே காட்சிக்கு ஏழு முறை எழுதினேன். ஏழாவது முறை, வெட்கத்தைவிட்டுத் தற்காலிக இசையின் நிழலையே எழுதிக் கொடுத்தேன். உடனே ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்தப் படத்தை இன்றுவரை நான் முழுதாகப் பார்க்கவில்லை.

1968-இல் வெளிவந்த குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ என்ற விண்வெளிப் படத்துக்கு இசையமைப்பாளர் அலெக்ஸ் நார்த் எழுதிப் பதிவும் செய்த இசை முழுவதும் கைவிடப்பட்டு, தற்காலிகமாகப் போடப்பட்டிருந்த ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், ஜோஹான் ஸ்ட்ராஸ், லிகெட்டி ஆகியோரின் இசையே படத்தில் நிலைத்தது. நார்த்துக்கு அது தெரிந்ததே படம் திரையிடப்பட்டபோதுதான். தொழில்முறைப் பாசத்தில் நான் நார்த்தின் பக்கம் நிற்க விரும்பி, 1993-இல் ஜெரி கோல்ட்ஸ்மித் அந்த இசையைப் புதிதாகப் பதிவு செய்து வெளியிட்டதைத் தேடிக் கேட்டேன். திறமையான இசை. ஆனால் விண்கலம் மெல்லச் சுழலும் காட்சியை நினைத்த கணமே ஜோஹான் ஸ்ட்ராஸின் வால்ட்ஸ் என் தலைக்குள் ஏறிக்கொண்டு, நார்த்தை உள்ளே விட மறுக்கிறது. குப்ரிக்கின் காதுக்கு நேர்ந்ததே என் காதுக்கும் நேர்ந்திருக்கிறது, பிறகு நான் யாரைக் குறை சொல்வது? இதற்கு நேர்மாறாக ஹிட்ச்காக், 1960-இல் வந்த ‘சைக்கோ’ படத்தின் குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று சொல்லியிருந்தும், இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் எழுதிக் காட்டியதும் மனத்தை மாற்றிக்கொண்டார். அங்கே காதில் ஏற்கெனவே குடியிருந்தது வேறோர் இசை அல்ல, மௌனம் என்பதால் அது முடிந்தது என்றே நினைக்கிறேன்.

புத்தகங்களிடம் நான் திரும்பத் திரும்பப் போவதும் இதனால்தான். இசைக்கோட்பாட்டு நூல்களைச் சொல்லவில்லை. அவை வேலைக்கு உதவுபவை, அவ்வளவே. தாமஸ் மன் 1947-இல் வெளியிட்ட டாக்டர் ஃபாஸ்டஸ் நாவலில் ஒரு கற்பனை இசையமைப்பாளர் வருகிறார். அவருடைய கடைசிப் படைப்பு, கருவிகள் ஒவ்வொன்றாக விலக, செல்லோவின் உச்ச ஜி ஸ்வரம் மட்டும் தேய்ந்து தேய்ந்து அடங்குவதாக எழுதப்பட்டிருக்கிறது. அப்படி ஒரு படைப்பு உலகில் இல்லை. அதனால் அதற்கு முதற்பதிவும் இல்லை. அந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்தாலும் அந்த ஜி எனக்கு வேறு வேறாகக் கேட்கிறது: ஒருமுறை வில்லின் நுனியில், ஒருமுறை அதிர்வே இல்லாமல், ஒருமுறை சுருதி மயிரிழை இறங்கி.

புதிய படைப்பை வாசிப்பவர்களுக்குக் கொடுக்கும்போது, கணினியில் செய்த மாதிரி ஒலிப்பதிவையும் சேர்த்து அனுப்புவதே என் வழக்கம். இந்த முறை அனுப்பவில்லை, இசைக்குறிப்பு மட்டும் போயிற்று. முதல் ஒத்திகையில் செல்லோ வாசிப்பவர் நான் நினைத்ததைவிடக் கணிசமாக மெதுவாகத் தொடங்கினார். திருத்தப் பென்சிலை எடுத்தேன். பிறகு, அவர் அந்தப் பக்கத்தை முடிக்கும்வரை கேட்போம் என்று கீழே வைத்துவிட்டேன்.