அக்கித் தடுப்பூசி அக்கியை உண்டாக்காது

"அக்கித் தடுப்பூசி போட்டால் அக்கியே வந்துவிடும், சின்னம்மை வந்தவர்களுக்கு அது தேவையும் இல்லை" என்று சிலர் சொல்லும் இரண்டு கூற்றுகளும் தவறானவை. சின்னம்மை ஆறிய பிறகும் அதன் வைரஸ் உடலைவிட்டு நீங்குவதில்லை. தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்து, வயதாலோ நோயாலோ எதிர்ப்பாற்றல் குறையும்போது ஒரு நரம்பின் தடத்தில் அக்கியாக வெளிப்படுகிறது. அதாவது, சின்னம்மை வந்தவர்களுக்குத்தான் இந்த ஆபத்தே இருக்கிறது.

இப்போது போடப்படும் ஷிங்ரிக்ஸ் என்ற அக்கித் தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்றும், எதிர்ப்பாற்றலைத் தூண்டும் துணைப்பொருளும்தான் அதில் உள்ளன என்பதால், அந்த ஊசி அக்கியை உண்டாக்க வழியில்லை. வலுக்குறைத்த உயிருள்ள வைரஸைக் கொண்ட ஸோஸ்டாவாக்ஸ் என்ற பழைய அக்கித் தடுப்பூசியோடு இதைக் குழப்பிக்கொண்டு அப்படிச் சொல்லியிருக்கலாம்; அதன் விற்பனை அமெரிக்காவில் 2020இல் நிறுத்தப்பட்டது.

அதற்காக இந்த ஊசியின் பக்கவிளைவுகளை மறைக்கக் கூடாது. கைவலி, காய்ச்சல், அசதி ஆகியவை பலருக்கு வரும். ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு ஓரிரு நாள் அன்றாட வேலையே தடைபடலாம். 65 வயதைக் கடந்தவர்களுக்குப் போடப்படும் பத்து லட்சம் ஊசிகளுக்குச் சுமார் மூன்று என்ற அளவில் கில்லன்-பாரே நரம்பு நோய் கூடுதலாக ஏற்படலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021இல் எச்சரித்தது. அதே ஊசியின் இரண்டு தவணைகள், 50 வயதைக் கடந்தவர்களிடம் சராசரியாக மூன்று ஆண்டுகள் நடந்த ஆய்வில், அக்கியை 97 விழுக்காடு தடுத்தன. இந்தப் பக்கவிளைவுகளை, அக்கிக் கொப்புளம் ஆறிய பின்பும் மாதக்கணக்கில் நீடிக்கக்கூடிய நரம்பு வலியின் கொடுமையோடு ஒப்பிட்டே, அவரவர் மருத்துவரிடம் பேசி முடிவெடுக்க வேண்டும்.