ரெண்டு கார்ட் இருக்கு, படம்தான் வரல

நேத்து ராத்திரி லெப்டொப்ல இருக்குற லினக்ஸுக்கு அப்டேட் போட்டேங்க. அவ்வளவுதான் நான் செஞ்ச பாவம். பகல் டேட்டா கட்டுப்படியாகாதுன்னு 12 மணி வரைக்கும் கொட்ட கொட்ட முழிச்சிருந்து, நைட் டேட்டாவுல எறக்கின அப்டேட். காலையில லெப்டொப்பைத் திறந்தா ஒரே கறுப்பு. ஃபேன் ஓடுது, கீபோர்ட்ல லைட் எரியுது, அடியில கை வைக்க முடியாத சூடு. திரை மட்டும் மௌன விரதம்.

யாருக்குத் தெரியாது இந்தக் கூத்து. படம் காட்டுறதுக்குன்னே உள்ள ரெண்டு கிராபிக்ஸ் கார்ட். லெப்டொப் திரை சின்ன கார்ட்ல, வெளி மானிட்டர் சொருகுற எச்டிஎம்ஐ ஓட்டை பெரிய கார்ட்ல. பெரிய கார்டை நிப்பாட்டினா வெளி மானிட்டர் செத்துரும். அதை எழுப்பினா லொகின் திரையே வராது. ஒரே மலைக்கு ரெண்டு கங்காணி போட்டா கொழுந்து எடைக்கு வருமா?

ஆளாளுக்கு யோசனை வேற. ரெண்டு கார்டையும் மேய்க்கிற பழைய சாமான் பம்பிள்பீ, அதைப் போடுன்றான் ஒருத்தன். கனமான வேலையை பெரிய கார்டுக்குத் தள்ளிவிடுற பிரைம் ஆஃப்லோட் 2019லயே வந்தாச்சு, நீ இன்னும் எந்தக் காலத்துலப்பா இருக்க? பூட் ஆகும்போது கார்ட் டிரைவரை எழுப்பாதன்னு சொல்ற நோமோட்செட்டைப் போடுன்றான் இன்னொருத்தன். போட்டா படம் வருது, ரெண்டு கார்டும் தூங்குது. நல்ல வைத்தியம்.

சரின்னு கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அமுக்கி, வெறும் எழுத்துத் திரையில டிரைவரைக் கழட்டித் திரும்பப் போட்டேன். பூட் ஆகும்போது வாசல்ல காவல் நிக்கிற செக்யூர் பூட் தொரை, கையெழுத்து இல்லாத டிரைவரை உள்ள விடமாட்டாரே. நம்ம கையெழுத்தை அவர் ஏத்துக்கணும்னா ஒரு பாஸ்வேர்ட் வைக்கணும், ரீஸ்டார்ட் பண்ணணும், நீலத் திரை வரும், ஏதாவது ஒரு பட்டனை அமுக்கச் சொல்லி 10ல இருந்து கீழ எண்ணும். விட்டா போச்சு, மொதல்ல இருந்து.

10. சார்ஜர் வயரைப் பிடிச்சிக்கிட்டிருக்கேன். பெட்டரி செத்து ரொம்ப நாளாச்சு, உசுரே வயர்லதான்.

9. அடுப்படியில இருந்து அம்மா: "தம்பி, கேஸ் முடிஞ்சிருச்சான்னு பாருடா."

8. "இந்தா வாரேம்மா."

7. போன். சடங்கு வீட்டு அண்ணன். "வீடியோ முடிஞ்சிருச்சா தம்பி? மாமன்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

5. "முடியப் போவுதுங்கண்ணே."

4. "தட்டு வரிசை முழுசா இருக்கணும், ஒண்ணையும் வெட்டிறாத."

3. "வெட்டல அண்ணே, வைங்கண்ணே."

2. கை கீபோர்ட் பக்கம் போகுது.

1. கரண்ட் போச்சு.

2012ல பின்லாந்துல ஒரு கூட்டத்துல, ரெண்டு கார்ட் லெப்டொப் வாங்கி அவதிப்பட்ட ஒரு அக்கா இதே கேள்வியத்தான் கேட்டாங்க. லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து, கார்ட் கொம்பனிக்கு நடுவிரலைக் காட்டினார். லினக்ஸை உண்டாக்கின மனுசனே விரலைத்தான் காட்டினார். இலங்கை மலையகத்துல, ஹட்டன்ல சடங்கு வீடியோ வெட்டுற நான் எதைக் காட்டுறது?

சாயங்காலம் கரண்ட் வந்து, நீலத் திரையும் வந்து, இந்தத் தடவை அமுக்கிட்டேன். மானிட்டர் எரிஞ்சது. வீடியோவை ரெண்டர்ல போட்டுப் பார்த்தா, வேலை செய்றது சின்ன கார்ட். பெரிய தொரை சும்மா உக்காந்து சூடாகுறார். சிரிச்சிட்டேங்க. வேறென்ன பண்றது.

யூஎஸ்பி வழியா மானிட்டர் குடுக்குற சாமான் ஒண்ணு ஒன்லைன்ல இருக்கு, ஓடர் பண்ணுன்றான் கூட்டாளி. பண்ணலாம். கூரியர்க்காரன் போன் பண்ணி வீட்டு நம்பர் கேப்பான். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு, லயத்துக்கு ஏதுடா நம்பர்? ரோட்டுப் பேர் கேப்பான். கடைசியில தோட்டத்து ஆபீசுல குடுத்துட்டுப் போயிருவான். அந்த ஆபீசுக்கு வந்த தங்கச்சியோட இன்டர்வியூ கடிதம், இன்டர்வியூ முடிஞ்ச அடுத்த வாரம் கைக்கு வந்துச்சு. எங்க சனம் இந்த மலைக்கு வந்து 200 வருசமாச்சு, ஒரு கதவுல ஒரு நம்பர் எழுத எவனுக்கும் கை வரல. பெயின்ட் இல்லையாடா? நான் வாங்கித் தாரேன்.