படுக்கைப்புண் பவுடர் போட்டா போறதில்லீங்க

மேல ஒரு அண்ணா "முதியோர் இல்லத்துல படுக்கைப்புண் வந்தா ஆயாம்மா சரியா குளிப்பாட்டலன்னு அர்த்தம், பவுடர் போட்டா சரியாயிடும்"னு எழுதியிருக்காரு. அது தப்புங்க. ஒரே பக்கமா படுத்தே கிடந்தா எலும்பு துருத்திட்டிருக்கற இடத்துல, வால் எலும்பு, குதிகால், இடுப்பு, அங்கெல்லாம் அழுத்தத்துல ரத்த ஓட்டம் கெட்டு சதை செத்துப்போகுது, ஈரம் அதை இன்னும் மோசமாக்கும், அவ்ளோதான். அதனாலதான் பொதுவா 2 மணி நேரத்துக்கு ஒருவாட்டி திருப்பிப் போடச் சொல்றது, ராத்திரியும்தான். நான் கோத்தகிரியில இந்த வேலைதான் பாக்குறேன், டிசம்பர் குளிர்ல கம்பளிக்குள்ள சுருண்டிருக்கற தாத்தாவ எழுப்பித் திருப்பினா திட்டு வாங்காம வரமுடியாது (இந்த ஊர் படகர்கள் பேசற படகா மொழியிலயும் தமிழ்லயும் மாத்தி மாத்தி!). ஒரே ஆள் இழுத்தா தோல் உராஞ்சு அதுவே புண்ணாகும், பெட்ஷீட்டோட ரெண்டு பேர் தூக்கணும், நைட் டியூட்டில அந்த ரெண்டாவது ஆள் எங்க இருக்கு? செவந்த இடத்தை அழுத்தித் தேய்க்கறதும் வேணாம். அப்புறம் குளிருதுன்னு சுகர் இருக்கறவங்க காலுக்கு ஹாட் வாட்டர் பேக் வெச்சுட்டுப் போற சொந்தக்காரங்களும் இருக்காங்க, கால் மரத்துப்போயிருந்தா சூடே தெரியாது, கொப்புளம் வந்தப்புறம்தான் தெரியும். அடுத்தவாட்டி இல்லத்துக்குப் போனா ராத்திரி எத்தன பேருக்கு ஒரு ஆள்னு கேட்டுப் பாருங்கண்ணா.