தீ அணைஞ்சா மட்டும் போதாது

நீங்க எழுதின காட்டுத்தீ கட்டுரை நல்லாருக்கு, ஆனா அதை தீயை அணைச்சதோட முடிச்சிட்டீங்க, ஜனங்க கஷ்டமே அதுக்கப்புறம்தானே ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி, தீ வர்ற நேரத்தைப் பத்தியும் கொஞ்சம் சொல்லிடறேன். 2018ல அமெரிக்காவுல, கலிபோர்னியாவுல பாரடைஸ்னு ஒரு ஊரு, காலைல பிடிச்ச தீ கொஞ்ச நேரத்துலயே ஊருக்குள்ள வந்துருச்சு, ரோடெல்லாம் ஜாம், 85 பேர் செத்துட்டாங்க, அதுல பாதிக்கு மேல வயசானவங்க, நெனச்சாலே மனசு தாங்கல. அதனால எச்சரிக்கை வந்துச்சுன்னா தனியா இருக்கற பெரியவங்க வீட்டு கதவை முதல்ல தட்டுங்க ப்ளீஸ்.

அப்புறம் பல வீடு எரியறது பெரிய தீ நேரா வந்து தொட்டு இல்ல, காத்துல பறந்து வர்ற தீப்பொறிதான், அது கூரை ஓரத்துல சேர்ந்து கெடக்குற காஞ்ச சருகுல உக்காந்து மெல்ல புகைஞ்சு, எல்லாரும் கிளம்பிப் போன பிறகு பத்திக்கும். சருகை முன்னாடியே அள்ளிப் போட்டுருங்க. புகைக்கு துணி மாஸ்க் பத்தாது, என்95 வேணும்.

தீயில வீடு போனவங்களுக்கு உதவி பண்ண நெனைக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். பழைய துணிய மூட்டை மூட்டையா அனுப்பாதீங்க, பிரிச்சு அடுக்கவே அங்க ஆள் இருக்காது, பணமா குடுத்தா அவங்களுக்கு எது தேவையோ அதை வாங்கிப்பாங்க. முடிஞ்சா கூட உக்காந்து இன்சூரன்ஸ் ஃபார்ம் நிரப்பிக் குடுங்க, எல்லா பேப்பரும் எரிஞ்சு போனவங்களுக்கு அது எவ்ளோ பெரிய உதவி தெரியுமா. முதல் வாரம் எல்லாரும் வருவாங்க, ஆறு மாசம் கழிச்சும் ஒரு போன் போட்டு விசாரிங்க, அப்பவும் வாடகை வீட்லதான் இருப்பாங்க.