இடம் வேறு, எடை வேறு
பெங்களூரு–சான்பிரான்சிஸ்கோ நேரடித் தடத்தில் இறங்கும் புது நிறுவனம், பயணிகள் தளத்துக்குக் கீழே சரக்கு ஏற்றியே எரிபொருள் செலவைச் சரிக்கட்டிவிடும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. கணக்கு அங்கேதான் இடிக்கிறது. போயிங் 777-300இஆர் விமானத்தின் அடிப்பகுதியில் எல்டி-3 எனப்படும் விமானச் சரக்குப் பெட்டிகள் 44 வைக்கலாம். பெட்டி எடையோடு சேர்த்து ஒவ்வொன்றும் 1,588 கிலோ வரை. ஆனால் சுமார் 14,000 கி.மீ.க்கு எரிபொருள் நிரப்பியபின் இடம் மிஞ்சும், ஏற்றக்கூடிய எடை மிஞ்சாது. போதாக்குறைக்கு பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியின் ஓடுபாதை கடல்மட்டத்துக்கு மேல் 900 மீட்டரைத் தாண்டிய உயரம், அங்கே காற்று லேசு. சித்திரை வெயிலில் காற்று இன்னும் லேசாகி விமானத்தைத் தூக்கும் விசை குறையும், புறப்படும் எடையைக் குறைத்தே ஆகவேண்டும். எதிர்க்காற்று பலமாக இருந்தால் எரிபொருளும் கூடும். எப்படியானாலும் முதலில் இறக்கப்படுவது சரக்குதான். 2 முதல் 4 டிகிரியில் இருக்கவேண்டிய ஓசூர் ரோஜா விமான நிலையத் தார்த்தரையில் காத்துக்கிடந்தால் அட்டைப்பெட்டிக்குள் நீர் கோத்து, இதழில் சாம்பல் பூஞ்சை பிடிக்கும். அந்த ஏற்றுமதியாளர் மறுபடி வரமாட்டார். பேட்டரியைச் சரக்காக ஏற்றலாமே என்ற யோசனையும் கைகொடுக்காது. சாதனத்தோடு சேராமல் தனியாக வரும் லித்தியம் அயன் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் முதல் தடை. சரக்கை நம்பித் தொடங்குவதென்றால் பிராங்பர்ட் போல 7,400 கி.மீ. தடம் எடுங்கள், நள்ளிரவுக்குப் பின் குளிர்ந்த காற்றில் கிளம்புங்கள்.