மீனைப் பற்றி யாரும் சொல்லவில்லையே
காசநோய்த் தடுப்புக் குளிசையை ஆட்கள் பாதியில் விடுவதற்கு அறியாமைதான் காரணம் என்று இந்தக் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அத்தானுக்குக் காசநோய் என்றதும் கொழும்பு கொட்டாஞ்சேனை வீட்டில் எல்லோரையும் பரிசோதித்து, அக்காவுக்கும் அவள் மகனுக்கும் நோய் வராமலிருக்க ஆறு மாதம் ஐசோனியாசிட் என்ற குளிசை எடுக்கச் சொன்னார்கள். மகன் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை வேலை. கிளினிக்குக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. அதைவிடப் பெரிய தொல்லை மீன். இந்தக் குளிசை எடுக்கும்போது சூரை, கெலவல்லா போன்ற மீன் சாப்பிட்டால் சிலருக்கு முகம் சிவந்து, தலையிடியும் படபடப்பும் வரும். மீனில் சேரும் ஹிஸ்டமின் என்ற பொருளை உடல் உடைக்கவிடாமல் மருந்து தடுக்கிறது. இதை அவனுக்கு ஒருவரும் முதலில் சொல்லவில்லை. குளிசைதான் விஷம் என்று நிறுத்திவிட்டான். நோயே இல்லாதவன் உடம்புக்கு வருத்தம் தரும் மருந்தை ஏன் விழுங்கப் போகிறான்? மேலே கருத்து எழுதிய ஒருவர், குளிசையை வீடு தேடிப் போய்க் கொடுக்கட்டும் என்கிறார். கொழும்பில் நெருக்கமான தோட்டத்து வீடுகளில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) வந்து வாசலில் நின்றாலே பக்கத்து வீட்டார் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள், ஐயா. வாரம் ஒரு தரம், மொத்தம் 12 தரம் மட்டும் எடுக்கும் ரிஃபாபென்டினும் ஐசோனியாசிட்டும் சேர்ந்த கூட்டு மருந்தையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே எடுக்கலாம், மீனைக் கொஞ்சம் பார்த்துச் சாப்பிடு என்று சொல்லிக் கொடுத்திருந்தால் அவன் முடித்திருப்பான்.